போனவர்களின் பட்டியல்

2014 டிசம்பரில் சான் டியேகோவில் பேஸ்பால் பார்க்கிற எல்லோருக்கும் திருவிழா வந்த மாதிரி இருந்தது. பாட்ரேஸ் அணிக்கு அந்த ஆகஸ்டில்தான் பொது மேலாளராக ஏ.ஜே. பிரெல்லர் வந்திருந்தார். கிறிஸ்துமஸ் வருவதற்குள் அணியைத் தலைகீழாக மாற்றிவிட்டார். டாட்ஜர்ஸிடமிருந்து மேட் கெம்ப். டாம்பா பேயிலிருந்து வில் மையர்ஸ். அட்லாண்டாவிலிருந்து ஜஸ்டின் அப்டன். ஓக்லாந்திலிருந்து டெரெக் நோரிஸ். பிப்ரவரியில், நான்கு வருடத்துக்கு 7.5 கோடி டாலர் ஒப்பந்தத்தில் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ் வந்தார். சீசன் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஆட்டத்தை முடித்துக் கொடுக்கும் பிட்ச்சர்களில் அன்று முதல் வரிசையில் இருந்த கிரெய்க் கிம்பரலும் வந்து சேர்ந்தார்.

இது எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 1969ல் தொடங்கிய அணி இது. 1984லும் 1998லும் உலகத் தொடர் வரை போய்த் தோற்றது. 2006க்குப் பிறகு அதுவரை பிளேஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. 2014ல் 162 ஆட்டங்களில் மொத்தம் 535 ரன்தான் எடுத்தது. முப்பது அணிகளிலும் அதுதான் குறைவு. வேலைக்காக இந்த ஊருக்கு வந்து, கிரிக்கெட் இல்லாத ஏக்கத்தில் பாட்ரேஸ் ஆடும் பெட்கோ பார்க்கில் போய் உட்காரப் பழகி, பிறகு அந்த அணியை என் அணியாகவே நினைக்கத் தொடங்கியவன் நான். ஒன்றும் இரண்டுமாக ரன் எடுத்துத் தோற்கிற ஆட்டங்களை இரவிரவாகப் பார்த்தவனுக்கு இந்தப் பெயர்கள் என்ன செய்திருக்கும்!

நோட்டு ஒன்று எடுத்து எழுதினேன். கெம்ப், அப்டன், மையர்ஸ், நோரிஸ் என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, முந்தைய வருடங்களில் அவர்கள் அடித்த ஹோம்ரன்கள். கூட்டிப் பார்த்தால் 90 வெற்றிக்குக் குறையாது என்று தோன்றியது. அந்த நோட்டை மச்சினனிடம் காட்டினேன்.

அவன் அப்போதுதான் படிப்பு முடித்து இங்கே வேலையில் சேர்ந்திருந்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தான். பேஸ்பாலே என் மூலமாகத்தான் அவனுக்கு அறிமுகம். “சீசன் டிக்கெட் ரெண்டு சீட் சேர்ந்து எடுப்போம்டா, இந்த வருஷம் விட்டா கிடைக்காது” என்றேன். தயங்கினான். “பிளேஆஃப் போயிட்டா அந்த டிக்கெட்டையே நல்ல விலைக்கு விக்கலாம், போட்ட காசு வந்துடும்” என்றேன். “நீங்க சொன்னா சரிதான் அத்தான்” என்று தன் பங்கைக் கொடுத்தான்.

ஏப்ரல் 6ம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் முதல் ஆட்டம். தன் பழைய அணிக்கு எதிராக கெம்ப் மூன்று ரன்களைக் கொண்டுவந்தார். ஆனாலும் 6-3 என்று தோற்றோம். முதல் ஆட்டம்தானே என்று விட்டுவிட்டோம்.

அந்த வசந்த காலத்தில் பெட்கோவில் ஓர் இரவு. எங்கள் இருக்கை முதல் பேஸ் பக்கம், மேலடுக்கு. அங்கிருந்து பார்த்தால் அவுட்ஃபீல்ட் முழுக்கத் தெரியும். எதிரணி பேட்டர் அடித்த பந்து, சென்டர் ஃபீல்டுக்கும் ரைட் ஃபீல்டுக்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியை நோக்கிப் போனது. உயரமாகவும் இல்லை, ரொம்பத் தாழ்வாகவும் இல்லை. காற்றில் கொஞ்ச நேரம் நின்ற மாதிரி இருந்தது. இது பிடிபட்டுவிடும் என்று நான் கையைத் தட்டத் தயாராகிவிட்டேன். நடுவிலிருந்து மையர்ஸ் ஓடி வந்தார். வலது பக்கத்திலிருந்து கெம்ப் ஓடி வந்தார். பந்து இருவருக்கும் நடுவே புல்லில் குத்தி, ஒரு தரம் எழும்பி, சுவர் வரை உருண்டது. அவர்கள் திரும்பி ஓடினார்கள். பேஸில் இருந்தவர்கள் எல்லோரும் ஹோம் பிளேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள்.

மச்சினன் மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்: “போன வருஷம் அந்த இடத்துல யார் நின்னாங்க அத்தான்?”

மேபின் நிற்பார், இல்லாவிட்டால் வெனபிள். எனக்குத் தெரியும். மேபினை கிம்பரலுக்காக அட்லாண்டாவுக்கு அனுப்பிய ஒப்பந்தத்தை நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். சொல்லும்போது “கிம்பரல் வந்துட்டாரு” என்றுதான் சொன்னேன். கேமரன் மேபின் என்ற பெயர் என் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்து புரட்டிப் பார்த்தேன். யஸ்மானி கிராண்டால் இல்லை. ஓரத்தில் விழும் பந்தையும் நடுவர் ஸ்ட்ரைக் என்று சொல்லும்படி நயமாகப் பிடிக்கிற கேட்ச்சர் அவர். கெம்புக்காக அவரைத்தான் கொடுத்திருந்தோம். முந்தைய வருடம் அணியில் நன்றாக அடித்த சிலரில் ஒருவரான செத் ஸ்மித் இல்லை. இடது கை ஆட்டக்காரரான அவரை சியாட்டிலுக்கு அனுப்பிவிட்டு, வலது கைக்காரர்களாகவே வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். நோரிஸுக்காகக் கொடுத்த இளம் பிட்ச்சர் ஜெஸ்ஸி ஹான் இல்லை. நோட்டு முழுக்க வந்தவர்கள். போனவர்களுக்கு ஒரு வரிகூட நான் ஒதுக்கவில்லை.

ஐபிஎல் ஏலம் முடிந்த மறுநாள், வாங்கின பெயர்களை மட்டும் வைத்துக் கோப்பை யாருக்கு என்று பேசுவோமே, அதையேதான் செய்திருக்கிறேன். அவுட்ஃபீல்டுக்கு வந்த மூவருமே மட்டையைப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். அப்டன் இடது ஓரத்தில் பழகியவர், கெம்ப் கால் தளர்ந்த பிறகு வலது ஓரத்துக்குப் போனவர், மையர்ஸுக்கு நடுமைதானம் அதிகம் பழக்கம் இல்லாத இடம். இருப்பதிலேயே அதிகம் ஓட வேண்டிய இடத்தில் அவரை நிறுத்திவிட்டு, அவருடைய ஹோம்ரன்களை நான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 15ம் தேதி, அணி 32 வெற்றி, 33 தோல்வி என்று இருந்தபோது, களத்தில் அணியை நடத்திய மேனேஜர் பட் பிளாக்கை நீக்கினார்கள். சரியான முடிவு என்று அன்று நானும் சொன்னேன். இன்று அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் கையில் கொடுக்கப்பட்ட அணி அது.

சீசன் முடிந்ததும் கணக்குத் தெளிவாகிவிட்டது. 535 ரன் எடுத்த அணி 650 எடுத்தது. நான் எதிர்பார்த்த 115 ரன் முன்னேற்றம் அப்படியே வந்தது. ஆனால் 2014ல் 577 ரன் கொடுத்த அணி, 2015ல் 731 கொடுத்தது. கூடுதலாக 154. ஏறக்குறைய பத்து ரன் வித்தியாசம் ஒரு வெற்றிக்குச் சமம் என்பது பேஸ்பாலில் பல காலமாகப் பார்த்து உறுதியான கணக்கு. 77 வெற்றி 74 ஆனது. இவ்வளவு புரட்டலுக்குப் பிறகு, மூன்று ஆட்டம் பின்னால் போயிருந்தோம்.

ஆகஸ்டிலேயே டிக்கெட்டை விற்கப் பார்த்தோம். வாங்கின விலையில் பாதிக்குக்கூட ஆள் இல்லை. சில இரவுகள் போய் உட்கார்ந்தோம், சில இரவுகள் சீட்டு காலியாகக் கிடந்தது. அந்தப் பொங்கலுக்கு மச்சினன் ஊருக்குப் போகவில்லை. ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. என் மாமியார் போனில் “ஏன் தம்பி வரல?” என்று கேட்டபோது, “ஆபீஸ்ல லீவு கிடைக்கலம்மா” என்று அவன் சொன்னதைப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

அந்த வருடப் புள்ளிகளில் தெரியாத நஷ்டமும் இருந்தது. மையர்ஸுக்காக, மூன்று அணிகள் சேர்ந்து செய்த ஒப்பந்தத்தில் கொடுத்தவர்களில் ட்ரே டர்னர் ஒருவர். 2014 ஜூனில்தான் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தோம். தேர்வானவர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஒரு வருடம் முடியும் வரை கைமாற்றக் கூடாது என்று அப்போது விதி இருந்ததால், வாஷிங்டனுக்குப் போகப்போகிறவர் என்று எல்லோருக்கும் தெரிந்தே, மறு வருட ஜூன் வரை எங்கள் கிளை அணியில் ஆடினார். 2019ல் வாஷிங்டன் உலகத் தொடரை வென்றபோது அவர்தான் ஷார்ட்ஸ்டாப். அப்டனுக்காகக் கொடுத்த மேக்ஸ் ஃப்ரீட், 2021ல் அட்லாண்டா கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசினார். லாபமும் அப்படி ஒளிந்து வந்ததுண்டு. 2016 ஜூனில் ஷீல்ட்ஸை சிகாகோவுக்கு அனுப்பியபோது பதிலுக்கு வந்தவர்களில், பதினேழு வயது ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியரும் இருந்தார். அன்று அவர் பெயரை நான் இரண்டாவது முறை படிக்கவில்லை.

அதன் பிறகு குளிர்காலத்தில் நான் எழுதும் தாள் வேறு மாதிரி. முதலில் போனவர்கள். அடுத்து ஒவ்வோர் இடத்திலும் யார் நிற்கப் போகிறார், அவர் வயது என்ன, அடிபட்டால் மாற்று யார். வந்தவர்களை அப்புறம்தான் எழுதுவேன். முக்கியமாக, போன வருட வெற்றி எண்ணிக்கையை அப்படியே நம்புவதில்லை. எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் பார்ப்பேன்.

2023 டிசம்பரில் அந்தத் தாளுக்கு வேலை வந்தது. 82 வெற்றியோடு முடித்திருந்த பாட்ரேஸ், ஹுவான் சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டது. அவரோடு சென்டர் ஃபீல்டர் ட்ரென்ட் கிரிஷமும் போனார். பிளேக் ஸ்னெல், ஜாஷ் ஹேடர் இருவருக்கும் ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஊரே துக்கத்தில் இருந்தது. மச்சினன் போன் செய்தான். “இந்த வருஷம் அவ்வளவுதானா அத்தான்?”

2023ல் அந்த அணி 752 ரன் எடுத்து 648தான் கொடுத்திருந்தது. ஒரு ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் மட்டும் 9 வெற்றி, 23 தோல்வி. அது 82 வெற்றிக்கான அணியே இல்லை, அதைவிட நல்ல அணி. சோட்டோவுக்குப் பதிலாக மைக்கேல் கிங் உட்பட நான்கு பிட்ச்சர்களும் ஒரு கேட்ச்சரும் வந்திருந்தார்கள். இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். “ஆனா சென்டர் ஃபீல்டுல ஆள் இல்ல. அது எனக்குப் பயமா இருக்கு” என்றும் சொன்னேன்.

அந்த இடத்தில் ஷார்ட்ஸ்டாப்பாக வளர்ந்த, இருபது வயது ஜாக்சன் மெரிலை நிறுத்தினார்கள். 24 ஹோம்ரன் அடித்து ஆல்-ஸ்டார் ஆனார். பத்து லட்சம் டாலருக்கு வந்த ஜூரிக்சன் புரோஃபாரும் ஆல்-ஸ்டார் ஆனார். என் தாளில் மெரிலுக்கு நேரே கேள்விக்குறி, புரோஃபாருக்கு நேரே ஒன்றுமே இல்லை. அணி 93 ஆட்டம் வென்றது. ரன் வித்தியாசமோ முந்தைய வருடத்தைவிடச் சற்றுக் குறைவுதான்.

பிப்ரவரியிலேயே மச்சினன் சீசன் டிக்கெட் எடுக்கலாமா என்று கேட்டிருந்தான். “பொறு, நடுவுல யார் நிக்கிறாங்கன்னு பார்த்துட்டு வாங்குவோம்” என்று நிறுத்தி வைத்தேன். ஆகஸ்டில், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக, ஏறின விலையில் வாங்கினோம். இந்தத் தடவை அவனுடைய டிக்கெட்டுக்கும் நானே கொடுத்தேன்.