நரம்பின் நாதம்

மேலைநாட்டு இசைக்கலைஞருள் இஸ்லாத்தைத் தழுவியவர் யார் என வினவினால் நம்மவரிடமிருந்து ஒரே ஒரு பெயர்தான் விடையாக வரும்: யூசுஃப் இஸ்லாம். 1977-இல் மார்க்கத்தைத் தழுவிய அப்பாடகர் 1979-இல் தம் கிட்டார்களை ஏலமிட்டு அறப்பணிக்கு ஈந்ததும், நெடுங்காலம் கழித்து 2006-இல் புதிய இசைத்தொகுப்போடு திரும்பி வந்ததும் பலரும் அறிந்த செய்திகள். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, அதே லண்டன் மாநகரில், கலிமா மொழிந்த மற்றொரு கலைஞர் உண்டு. அவர் ரிச்சர்ட் தாம்சன். கிட்டார் வாசிப்போர் கூடுமிடத்தில் அவர் பெயர் பெருமதிப்போடு உச்சரிக்கப்பெறும்; அவ்வட்டத்தைத் தாண்டினாலோ அறிவார் அரியர்.

தமிழ்த்துறை மலரில் ராக் கிட்டாருக்கு என்ன வேலை எனப் பெரியோர் சிலர் கேட்கக்கூடும். சிலப்பதிகார அரங்கேற்று காதையை நடத்தும்போது யாழாசிரியன் அமைதியையும் குழலோன் அமைதியையும் வரிவரியாக விளக்குகிறோம். நரம்பையும் விரலையும் பற்றி அத்துணை நுட்பமாகப் பேசிய மொழிக்குரியோர், இன்று வாழும் ஒரு நரம்பிசைஞரைக் கேட்டுச் சுவைப்பதில் பிழையில்லை என்பது என் துணிபு.

முதலில் விரல்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாம்சன் வலக்கைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே மீட்டும் வில்லையைப் பிடித்துக்கொண்டு, எஞ்சிய நடுவிரலாலும் மோதிரவிரலாலும் மெல்லிய நரம்புகளைத் தெறிப்பார். வில்லை தடித்த நரம்புகளில் கீழ்ச்சுருதியை விடாது ஒலித்துக்கொண்டிருக்க, விரல்கள் மேலே இசையை இழைத்துச் செல்லும். நாகசுரக்காரர் அருகே ஒத்து ஊதுபவர் ஒருவர் நிற்பாரல்லவா? அவ்விருவர் வேலையையும் ஒரு கை செய்கிறது. 1991-இல் வெளிவந்த 'ரூமர் அண்டு சை' தொகுப்பில் '1952 வின்சென்ட் பிளாக் லைட்னிங்' என்றொரு கதைப்பாடல். ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு திருடன், செங்கூந்தல் உடைய ஒரு பெண்: இவ்வளவே கதை. பின்னணிக் குழு எதுவுமின்றி மரக்கிட்டார் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பாடியிருக்கிறார். முதன்முறை கேட்போர் இரண்டு கிட்டார்கள் ஒலிப்பதாகவே எண்ணுவர்.

இனி நாதம். 1949-இல் பிறந்த தாம்சனின் தலைமுறையைச் சேர்ந்த எரிக் கிளாப்டன், ஜிம்மி பேஜ் முதலானோர் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து தம் நடையை வடித்தெடுத்தவர்கள். தாம்சன் அவ்வழியிற் பெரிதும் செல்லவில்லை. தந்தையார் ஸ்காட்லாந்துக்காரர். அந்நாட்டுப் பைக்குழலும் பிடிலும் அக்கார்டியனும் மகனின் செவியில் ஊறிக்கிடந்தன. பைக்குழலில் காற்று நிற்பதில்லை. ஆகவே ஒரே சுரத்தை அடுத்தடுத்து இருமுறை ஒலிக்க வேண்டின், இடையே மின்னல்போல் வேறொரு சுரத்தைத் தொட்டுத்தான் பிரித்துக் காட்ட இயலும். அந்தத் தொடுகைகளைத் தாம்சன் மின்கிட்டாருக்குக் கொணர்ந்தார். ஒலிபெருக்கியை முறுக்கி ஒலியைக் கரகரக்கச் செய்யும் வழக்கத்துக்கு மாறாக, அவருடைய நாதம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். ஆயினும் அதன் ஓரத்தில் ஒரு கூர்மை உண்டு. நரம்பை வளைத்துச் சுரத்தை ஏற்றும்போது, சேரவேண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்திக் கேட்பவரைத் தவிக்கவிடுவார். நம் கமகத்துக்குப் பழகிய செவிகள் அந்த இடத்தை எளிதில் இனங்காணும்.

பதினெட்டு வயதில், 1967-இல், 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்' என்னும் குழுவைத் தொடங்கியோருள் அவரும் ஒருவர். 1969 மே 12 அன்று, பர்மிங்காம் நகரில் நிகழ்ச்சி முடித்துத் திரும்புகையில் குழுவினரின் வேன் நெடுஞ்சாலையில் கவிழ்ந்தது. முரசறைந்த மார்ட்டின் லாம்பிளும், தாம்சனின் தோழியும் மாண்டனர். அவருக்கு அப்போது இருபது வயது. அதன்பின் அக்குழு பழைய பாடல்களைத் தொட விரும்பாமல், இங்கிலாந்தின் நாட்டார் கதைப்பாடல்களை மின்கருவிகளோடு பாடத் தலைப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் வந்த 'லீஜ் அண்டு லீஃப்' தொகுப்பு ஆங்கில நாட்டார் ராக் இசைக்கே கால்கோள் என்பர். எனக்கோ விபத்துக்கு முன் பதிவான 'எ செய்லர்ஸ் லைஃப்' இன்னும் நெருக்கமானது. பதினோரு நிமிடம் பிடிலும் கிட்டாரும் ஒன்றையொன்று துரத்தும் அப்பதிவில், ஓர் இளைஞனின் கையில் அத்துணைப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று வியக்கத் தோன்றும்.

1974 அளவில் தாம்சனும், உடன்பாடிய அவருடைய அன்றைய துணைவியார் லிண்டாவும் லண்டனில் ஒரு ஸூஃபிக் கூட்டத்தாரோடு சேர்ந்து இஸ்லாத்தைத் தழுவினர். 1975-இல் வெளிவந்த 'போர் டவுன் லைக் சில்வர்' தொகுப்பின் அட்டையில் தலைப்பாகையோடு காட்சி தருகிறார். அதிலுள்ள 'நைட் கம்ஸ் இன்' ஏறத்தாழ எட்டு நிமிடப் பாடல். சொற்கள் தீர்ந்த பின்னும் கிட்டார் ஒரே சிறு வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. வேகம் கூடுவதில்லை, அழுத்தம் மட்டும் கூடுகிறது. திக்ரு மஜ்லிஸில் அமர்ந்தவர்க்கு அதன் நடை விளங்கும். அத்தொகுப்பின் இறுதியில் லிண்டா பாடும் 'டிம்மிங் ஆஃப் தி டே' மேற்போக்கில் ஒரு காதற்பாட்டு. மனோன்மணியை விளித்துப் பாடிய நம் குணங்குடி மஸ்தான் சாகிபை அறிந்தவர்கள் அது யாரை நோக்கியது என்று ஐயுற மாட்டார்கள்.

அப்பாடல் முடிந்ததும் மரக்கிட்டார் தனியே 'டார்கை' என்னும் மெட்டை வாசிக்கிறது. ஸ்காட் ஸ்கின்னர் என்ற ஸ்காட்லாந்துப் பிடில் மேதை ஆக்கியது அது. 1897-இல் இந்திய வடமேற்கு எல்லையில், அஃப்ரீதிப் பட்டாணியர் காத்துநின்ற டார்கை மேட்டை ஆங்கிலேயரின் ஸ்காட்லாந்துப் படை கைப்பற்றியது. அப்போரின் பெயரைத் தாங்கிய மெட்டை, முஸ்லிமாகிய ஒரு ஸ்காட்லாந்துக்காரர் மகன் வெற்றிமுழக்கம் சிறிதுமின்றி, இரங்கற்பாவைப் போல வாசிக்கிறார். இதை அவர் எண்ணித்தான் செய்தாரா என்பதைக் காட்டிலும், கேட்கும் நமக்கு அது அவ்வாறு படுகிறது என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

பின்னர் அவர் மேடையை விட்டு விலகி, அச்சமூகத்தாரோடு வாழ்ந்தார். 1978-இல் 'ஃபர்ஸ்ட் லைட்' தொகுப்போடு திரும்பினார். இசை ஆகுமா, ஆகாதா என்பதில் உலமாக்களிடையே நெடிய கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி 'இஹ்யா'வில் ஸமாவுக்கென ஒரு நூற்பகுதியே வகுத்து ஆராய்ந்தார். எனினும் நரம்புக் கருவிகளை அவரும் ஏற்கவில்லை. தீர்ப்புக் கூற நான் ஆலிம் அல்லேன். கையிலிருந்ததைக் கீழே வைக்கத் துணிந்த ஒருவர் மீண்டும் எடுக்கும்போது அதை முன்போல் எடுப்பதில்லை என்பதை மட்டும் அப்பதிவுகளிற் கேட்கிறேன். தேவையற்ற சுரம் ஒன்றும் அங்கில்லை.

பன்முகத் திறனுக்கு ஒரு சான்று போதும். 1999-இல் ஓர் அமெரிக்க இதழ் (அதன் பெயர் இம்மலரில் அச்சேறத் தக்கதன்று) ஆயிரமாண்டின் சிறந்த பாடல்களைக் கூறுமாறு கலைஞர் பலரைக் கேட்டது.  தாம்சனோ கேட்ட கேள்விக்கு நேர்விடையாக, பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பாடலிலிருந்து தொடங்கிப் பட்டியல் அனுப்பினார். இதழ் அதை வெளியிடவில்லை. விட்டாரா? அதையே ஒரு மேடை நிகழ்ச்சியாக்கினார். இடைக்கால இங்கிலாந்தில் தொடங்கிப் பிரிட்னி ஸ்பியர்ஸ் வரை ஒரே மரக்கிட்டார் செல்கிறது. 2003-இல் அது இசைத்தட்டாகவும் வந்தது.

அதே ஆண்டில் வந்த 'அவுட்சைட் ஆஃப் தி இன்சைட்' என்னும் பாடலைச் சமுதாயப் பெரியோர் கேட்க வேண்டும். கலையையும் அறிவியலையும் இகழ்ந்து ஒதுக்கும் ஒரு கடும்போக்காளனின் வாய்மொழியாக அது அமைந்துள்ளது. நம்மைப் பிறர் பழிப்பது வேறு. தொழுகை விரிப்பிலிருந்து எழுந்த ஒருவர் தம்மவருள் சிலரை நோக்கிப் பாடுவது வேறு. அதில் கிட்டார் வழக்கத்துக்கு மாறாகச் சீறுகிறது. சினமும் அவருடைய நாதங்களுள் ஒன்று.

ஆங்கில அரசு 2011-இல் அவருக்கு ஓ.பி.இ. விருது அளித்தது. விற்பனைப் பட்டியலின் உச்சியை அவர் ஒருபோதும் தொட்டதில்லை. எழுபத்தைந்து வயதில், 2024-இல், 'ஷிப் டு ஷோர்' தொகுப்பை வெளியிட்டார். கேட்கத் தொடங்க விழையும் மாணவர்க்கு அதையன்று, 'டிம்மிங் ஆஃப் தி டே'யையே நான் சொல்வேன். விளக்குகளைக் குறைத்துவிட்டு, பாட்டு முடிந்ததென்று எழுந்துவிடாமல், 'டார்கை'யின் கடைசி நரம்பு அடங்கும்வரை இருந்து கேளுங்கள்.