கங்காணி கொடுத்த நிரை

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதற்கு முதல் நாளே கோலாலம்பூரிலிருந்து மடிக்கணினியோடு, ஜாசின் பக்கம் உள்ள எங்கள் தோட்ட வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு லைன். மோடத்தின் வைஃபை மெதுவானது; ஆனால் அளவில்லை. என் கைப்பேசி டேட்டா வேகமானது. மாதம் 10 ஜிபிதான். எஸ்.பி.எம். எழுதவிருந்த தங்கை அதில்தான் வகுப்பு பார்ப்பாள். வைஃபை அறுந்தால் உதவட்டும் என்று அதே கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் மடிக்கணினியோடும் இணைத்திருந்தேன்.

ஏப்ரலில் ஒரு காலை, கணித வகுப்பு பாதியில் நின்றுவிட்டது. டேட்டா தீர்ந்திருந்தது.

"ராத்திரியெல்லாம் படம் பார்த்தியா?" என்று அப்பா முன்னாலேயே கத்தினேன்.

"இல்லண்ணே" என்றாள். அதற்கு மேல் பேசவில்லை. மதியம் சாப்பிடவும் வரவில்லை.

மாலையில் விண்டோஸ் அமைப்புகளில் டேட்டா பயன்பாட்டைப் பார்த்தேன். தின்றது அவளல்ல, என் கணினி. வைஃபை நன்றாக இருந்தபோதே, அலுவலகக் கோப்புகளின் காப்புப் பிரதி முழுக்கக் கைப்பேசி வழியே போயிருந்தது.

காரணம் எளிது. பெரும்பாலான மென்பொருள்கள் எந்த லைனில் போவது என்று தாமே முடிவு செய்வதில்லை. விண்டோஸ் காட்டும் வழியில் போகும். விண்டோஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் 'மெட்ரிக்' என்ற எண்ணைக் கொடுக்கிறது. சிறிய எண்ணுக்கே முதலிடம். யுஎஸ்பி வழியே வரும் கைப்பேசியை அது கம்பி இணைப்பாக எடுத்துக்கொண்டு, வைஃபையைவிடச் சிறிய எண் கொடுத்துவிட்டது.

இணைப்பின் பண்புகளில் ஐபி பதிப்பு 4-ஐத் திறந்து, மேம்பட்ட பகுதியில் 'தானியங்கி மெட்ரிக்' குறியை எடுத்தேன். வைஃபைக்கு 10, கைப்பேசிக்கு 50. பதிப்பு 6-க்கும் அப்படியே. கைப்பேசி இணைப்பை 'அளவுள்ள இணைப்பு' என்றும் குறித்து வைத்தேன். கியூபிட்டோரன்ட் போன்ற சில மென்பொருள்களில் மட்டும் எந்த இணைப்பு என்று உள்ளேயே தேர்ந்தெடுக்கலாம்.

பால்மரம் சீவி ஓய்ந்த அப்பாவிடம் விளக்கினேன். "பெரட்டுல கங்காணி கொடுத்த நிரையத்தான் சீவுவோம். நிரைய மாத்திக் கொடுத்தது கங்காணி தப்பு. நீ சீவுனவளத் திட்டியிருக்க" என்றார்.

அஞ்சடியில் உட்கார்ந்திருந்த தங்கையிடம் போனேன். "தப்பு என்மேலதான்மா" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்பா முன்னால திட்டுனீங்க. அப்பா முன்னாலயே சொல்லுங்கண்ணே" என்றாள்.

சொன்னேன். இரவு மூவரும் சேர்ந்து சாப்பிட்டோம்.