ஓட்டைக்குள் என்ன போகிறது?

கோவை ஆவாரம்பாளையத்தில் நான் வேலை பழகிய பட்டறையில் மூத்த ஃபிட்டர் ஒருவர் இருந்தார். டிராயிங்கை நீட்டினால் அளவை அப்புறம்தான் பார்ப்பார். "ஏங்கண்ணு, இந்த ஓட்டைக்குள்ள என்ன போகுது?" என்பதுதான் முதல் கேள்வி. போல்ட்டா, டோவல் பின்னா, பேரிங்கா? பதில் சொல்லாமல் மெஷின் பக்கம் போக முடியாது.

அந்தக் கேள்வியின் கனத்தை எனக்குக் காட்டியது ஒரு பிளேட். 12 மில்லி டோவல் ஓட்டைகள் இரண்டு. இரண்டின் மையங்களுக்கு இடையிலான தூரம் 10 மைக்ரானுக்கு மேல் விலகக்கூடாது. டிரில் போட்டு ரீமர் விட்டேன். பிளக் கேஜின் 'கோ' முனை சுகமாக இறங்கியது, 'நோ கோ' முனை வாசலிலேயே நின்றது. உள்சுவரோ கண்ணாடி மாதிரி. ஆனால் பின்களை அடித்து எதிர்ப் பிளேட்டை வைத்தால் ஒன்று உட்கார, மற்றொன்று இடித்தது. அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

டிரில் பிட் உலோகத்தில் கால் வைக்கும்போதே கொஞ்சம் நழுவும். பின்னால் வரும் ரீமர், அது போட்ட தடத்திலேயே இறங்கும். விட்டத்தைத் திருத்தும், இடத்தைத் திருத்தாது. இடம் திருந்த வேண்டுமென்றால் ஒற்றை முனை போரிங் டூல் வேண்டும். அது பழைய ஓட்டையைப் பொருட்படுத்தாமல் ஸ்பிண்டிலின் அச்சைச் சுற்றி மட்டுமே வரும். ஓட்டை இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் வலச்சுவரை அதிகமாகச் சீவி மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். ரீமரில் சில நிமிடங்களில் முடிகிற வேலைக்கு இதில் அரைமணி நேரம் செட்டிங்கிலேயே போகும். போல்ட் நுழையும் ஓட்டைக்கு அந்த அரைமணி வீண். டோவலுக்கோ வேறு வழியில்லை.

டை வேலைக்கு வந்தபோது சிக்கல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. டி2 எஃகை மில்லிங்கில் அளவாகக் குடைந்து ஹார்டனிங்குக்கு அனுப்பினால், திரும்பி வரும்போது அது அனுப்பிய வடிவத்தில் இருக்காது. சூடும் குளிரும் அதை அசைத்திருக்கும். அப்போது அதன்மேல் சாதாரண கட்டர் ஏறவும் ஏறாது. ஒயர்கட்டுக்கு அந்தக் கடினம் ஒரு பொருட்டில்லை. கால் மில்லி பித்தளைக் கம்பி எஃகைத் தொடுவதே இல்லை. தண்ணீருக்குள் பாயும் தீப்பொறிதான் அரித்துக்கொண்டு போகிறது. 1943 வாக்கில் சோவியத் நாட்டில் லசரென்கோ தம்பதியர், மின்தொடுமுனைகளைத் தீப்பொறி அரிப்பதைத் தடுக்க வழி தேடினார்கள். அந்த அரிப்பையே வேலை வாங்கலாம் என்று அவர்கள் கண்டதுதான் இதற்கு மூலம். எனக்கு அவர்கள்மேல் தீராத மரியாதை.

அதற்காக எல்லாவற்றையும் ஒயர்கட்டுக்கு அனுப்புவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். கம்பி நுழைய ஹார்டனிங்குக்கு முன்பே ஒரு துளை போட்டிருக்க வேண்டும். மறுபக்கம் திறக்காத குழிக்கு ஒயர்கட் உதவாது. வெட்டிய முகத்தில் உருகி உறைந்த மெல்லிய தோல் ஒன்று தங்கும். டையின் வெட்டு விளிம்பு நிலைக்க வேண்டுமானால், பொறியைக் குறைத்து இரண்டு மூன்று தடவை மறுபடி ஓட்டி அதை நீக்க வேண்டும். தட்டையான முகத்துக்கு சர்ஃபேஸ் கிரைண்டிங்தான். அதையும் அவசரப்பட்டு ஆழமாகக் கொடுத்தால் எஃகு கருகி, மயிரிழை விரிசல் விடும்.

எதைத் தேர்ந்தாலும் சித்திரை வெயில் ஒன்று இருக்கிறது. அளவுகளுக்கு உலகம் ஒப்புக்கொண்ட வெப்பநிலை 20 டிகிரி. 100 மில்லி எஃகு 10 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மெஷினிலிருந்து எடுத்த கையோடு அளந்து 'ஓகே' சொன்னால், ராத்திரி அது தன் அளவுக்குச் சுருங்கிக்கொள்ளும்.

போன வாரம் ஒரு அலுமினிய பிளேட் வந்தது. ஆறு ஓட்டைகள், ஆறுக்கும் ஒரே இறுக்கமான டாலரன்ஸ். பையன் போரிங்குக்கு செட்டிங் எடுத்துக்கொண்டிருந்தான். அவனை நிறுத்திவிட்டு, டிராயிங் போட்டவருக்கு போன் செய்தேன்.

"இந்த ஆறு ஓட்டைக்குள்ளயும் என்னங்க போகுது?"

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ரெண்டுல டோவலுங்க. மத்த நாலுல ஒயருதானுங்க போகுது."

பையன் அந்த நான்குக்கும் டிரில் பிட் எடுக்கப் போனான்.