ஆறாவது மலை

ஒரு பொய்யை நாற்பத்து நான்கு ஆண்டுகள் காப்பாற்றுவது எளிய காரியம் அல்ல. எனக்கு அது எளிதாகவே இருந்தது. காரணம், அந்தப் பொய்யை யாரும் சந்தேகிக்கவில்லை. சந்தேகிக்க வேண்டியவள் என் தாய். அவளோ அதை நெற்றியில் பூசிக்கொண்டாள்.

கோவைக்கு மேற்கே சுமார் நாற்பது கிலோமீட்டரில் பூண்டி இருக்கிறது. அங்கே ஈசுவரன் கோயிலின் பின்புறமிருந்து வெள்ளியங்கிரி மலைப்பாதை தொடங்குகிறது. ஏழு மலைகளைக் கடந்தால் உச்சி. ஏறக்குறைய 6000 அடி உயரம். தென்கயிலை என்பார்கள். எங்கள் பக்கத்து ஆண்பிள்ளைகளுக்கு, மீசை முளைத்த பிறகு அந்த மலையை ஒரு முறையாவது ஏறி இறங்குவது கிட்டத்தட்ட ஒரு கடமை. பெண்களுக்கு அப்படி இல்லை. சிறுமிகளும் வயது முதிர்ந்தவர்களும் தவிர மற்றப் பெண்கள் ஏறக்கூடாது என்பது வழக்கம். என் தாய் சிறுமியாக இருந்தபோது அழைத்துப்போக ஆளில்லை. வயது முதிர்ந்தபோது முழங்கால் ஒத்துழைக்கவில்லை. எனவே அவளுடைய பங்கையும் சேர்த்து ஏறிவரும் பொறுப்பு என்மேல் விழுந்தது.

1979ஆம் ஆண்டு சித்திரை மாதம். எனக்கு வயது பத்தொன்பது. கல்லூரி நண்பர்கள் நால்வரோடு இரவில் புறப்பட்டேன். முதல் மலையின் கற்படிகள் செங்குத்தானவை. பக்தியை அங்கேயே சோதித்து விடுவார்கள். வெள்ளைப் பிள்ளையாரைக் கும்பிட்டு மூச்சு வாங்கினோம். பாம்பாட்டிச் சுனையில் தண்ணீர் குடித்தோம். கைதட்டிச் சுனையில் கைதட்டினால் தண்ணீர் அதிகமாகச் சுரக்கும் என்றார்கள். உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். அதுவரை உற்சாகத்துக்குக் குறைவில்லை.

ஆறாவது மலையில், ஆண்டி சுனைக்கு அருகே, காற்று அடித்தது. அடித்தது என்பது பொருத்தமான சொல். பனி மூட்டத்தில் பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியவில்லை. தூறலும் சேர்ந்துகொண்டது. எதிரே ஏழாவது மலை நெட்டுக்குத்தாக நிற்பதாகச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் திரையும், அதற்கு அப்பால் எங்கோ பள்ளத்தில் கல் உருளும் ஓசையுமே. என் கால்கள் நகர மறுத்தன. களைப்பினால் அல்ல, பயத்தினால்.

“நீங்க போய்ட்டு வாங்கடா. நான் இங்கயே உக்காந்துக்கறேன். காலு கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு” என்றேன்.

அவர்கள் நல்ல பிள்ளைகள். நம்பினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து விபூதிப் பட்டையும் வெற்றிச் சிரிப்புமாக இறங்கி வந்தார்கள். மேலே என்ன கண்டோம் என்று அவர்கள் சொன்னது எதையும் நான் காதில் வாங்கவில்லை. வெட்கப்படுகிறவனுக்குக் காது கேட்பதில்லை.

மலையில் திருநீறு போன்ற வெண்மண் கிடைக்கும். உச்சிக்குப் போகாமலே அதை எடுக்கலாம். ஒரு கைப்பிடி எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். வீட்டு வாசலில் என் தாய் காத்திருந்தாள். “சாமியப் பார்த்தியா கண்ணு?” என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். அவள் அந்த மண்ணைப் பித்தளைச் சம்புடத்தில் இட்டுப் பூசையறையில் வைத்தாள். பரீட்சைக்குப் போகிறவனுக்கும், காய்ச்சலில் கிடக்கிறவளுக்கும், பெண் பார்க்கக் கிளம்புகிறவனுக்கும் அதிலிருந்து ஒரு சிட்டிகை. என் திருமணத்தன்று எனக்கும் அதைத்தான் பூசினாள். 2004இல் அவள் காலமானபோது சம்புடத்தில் கால் பங்கு மீதியிருந்தது.

பொய்யும் பழகப் பழக உறவாகிவிடுகிறது. நாளடைவில், நான் உச்சிக்குப் போனதாக எனக்கே ஒரு நினைவு உண்டாகிவிட்டது. அந்தத் துணிச்சலில்தான் சில ஆண்டுகளுக்கு முன்பு எழுதிய ஒரு நாவலில் கதாநாயகனை வெள்ளியங்கிரி உச்சிக்கு ஏற்றினேன். விடியற்காலையில் அவன் கல் மண்டபத்துத் தூணில் சாய்ந்து நின்று, மணியை அடித்து, தன் பழைய பகையை மன்னிக்கிறான். ஐந்து பக்கம். நன்றாக வந்திருக்கிறது என்று பலர் கடிதம் எழுதினார்கள். கைப்பேசியைத் தட்டினால் உச்சியின் படம் கண்முன் வரும் இந்தக் காலத்தில் நீர் ஏன் சரிபார்க்கவில்லை என்று வாசகர்கள் கேட்கலாம். போய்வந்த இடத்தை யாராவது தேடிப் பார்ப்பார்களா?

ஒரே ஒருவர் மட்டும் வேறு விதமாக எழுதினார். தொண்டாமுத்தூர்ப் பக்கத்து விவசாயி. எழுபது வயதைத் தாண்டியவர்.

“எழுத்தாளர் ஐயா அவர்களுக்கு வணக்கமுங்க. கதை அருமைங்க. ஆனா உச்சியிலே மண்டபமும் இல்லீங்க, தூணும் இல்லீங்க. பெரிய பாறைக ஒண்ணோட ஒண்ணு சாஞ்சு நிக்குது. அந்தக் குகைக்குள்ளே சாமி இருக்காருங்க. நான் முப்பத்தொரு தடவை போனவனுங்க. நீங்க ஒரு தடவை போய்ட்டு வந்து எழுதியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமுங்க.”

கோபமே இல்லாத கடிதம். அதுதான் உறுத்திற்று. பதில் எழுத உட்கார்ந்து நாலைந்து தாளைக் கிழித்தேன். கடைசியில், பதிலை மலையில் எழுதிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

2023 மார்ச் மாதம். என் மனைவியின் தம்பி துணைக்கு வருவதாகச் சொன்னார். சொந்தமாக லேத் பட்டறை வைத்திருப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். பார்வைக்கு மல்யுத்த வீரர். “மச்சான், உங்களை முதுகுல சுமந்தாவது கொண்டுபோய்ச் சேர்த்திடறேன்” என்று வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தார்.

பிப்ரவரி முதல் மே வரைதான் மலையேற அனுமதி. அடிவாரத்தில் வனத்துறையார் பைகளைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இருதய நோயும் மூச்சிரைப்பும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். மாப்பிள்ளை என் நெஞ்சைச் சுட்டிக்காட்டிக் கண் சிமிட்டினார். ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு முதல் படியில் கால் வைத்தோம்.

உயரத்தை நடுத்தர வயதில் ஏறுவது ஒன்று, முதுமையில் ஏறுவது வேறு ஒன்று. பாதை ஒரு வழிக்கு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்தான். சமதரையில் அது ஒரு மாலை உலா. இங்கே ஒவ்வொரு படியும் முழங்காலோடு தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. இறங்கி வருகிறவர்கள், “இன்னும் கொஞ்ச தூரந்தாஞ் சாமி” என்று தாராளமாகப் பொய் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தப் பொய்யை யாரும் குறையாக நினைப்பதில்லை. சுக்குக் காப்பி கிடைத்த இடத்திலெல்லாம் குடித்தோம். நடு மலைகளைத் தாண்டியதும் மரங்கள் குறைந்து புல்வெளி வந்தது. நிலா வெளிச்சத்தில் மலைச்சரிவெங்கும் மின் விளக்குகள் எறும்பு வரிசையாக ஊர்ந்தன.

இத்தாலியில் அமால்ஃபிக் கடற்கரைக்கு மேலே ‘தேவர்களின் பாதை’ என்றொரு மலைவழி உண்டு. அதில் நடந்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், காலுக்குக் கீழே கடல் தெரியும் அழகை மாய்ந்து மாய்ந்து சொல்வார். எங்கள் மலைக்குக் கடல் இல்லை. ஆனால் இதன் சரிவுகளில் பிறக்கும் ஓடைகள்தாம் சேர்ந்து நொய்யலாகிப் பேரூரையும் கோவையையும் திருப்பூரையும் கடந்து கரூர்ச் சீமையில் காவிரியைத் தொடுகின்றன. மலைத்தொடரின் மறுபக்கத்துச் சிறுவாணியோ பவானியில் கலந்து அதே காவிரிக்குப் போகிறது. கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டாகக் கோவைக்காரர்கள் அந்தச் சிறுவாணித் தண்ணீரைக் குடித்துவிட்டு, உலகில் இதற்கு ஈடில்லை என்று பெருமை பேசி வருகிறோம். பெருமைக்கு ஊற்றான மலையில் நாலு மணி நேரமாக நடந்துகொண்டிருந்தேன். தாகம் மட்டும் தீரவில்லை.

விடிவதற்குச் சற்று முன் ஆறாவது மலையை அடைந்தோம். அதே ஆண்டி சுனை. இந்த முறை பனி இல்லை. எதிரே ஏழாவது மலை முழுசாக நின்றது. அதன் முதுகில் விளக்குகள் மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தன. உச்சியில் பாறைகளின் கரிய வடிவம். கிழவர் சொன்னது சரிதான். தூண் எதுவும் தென்படவில்லை. பயமும் இல்லை. “வாங்க மாப்பிள்ளை” என்று தடியை ஊன்றினேன்.

அவர் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். “நீங்க போய்ட்டு வாங்க மச்சான். நான் இங்கயே உக்காந்துக்கறேன். தோள்பட்டை கொஞ்சம் பிடிச்சுக்கிச்சு” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியம் எனக்குத் தெரியும். அதே இடம், கிட்டத்தட்ட அதே சொற்கள். அதைச் சொல்கிறவன் எதையோ மறைக்கிறான் என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். கைவிளக்கை அவர் முகத்தில் அடித்தேன். பற்கள் கிட்டும் குளிரில் அவருக்கு வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

“எத்தனை நேரமா?”

“நாலாவது மலையிலிருந்து. வாயுவா இருக்கும். உங்க ஆசை கெட்டுப்போகக் கூடாதுன்னுதான்...”

ஒரு கணம் உச்சியைப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம். போய்த் தொட்டுவிட்டு ஓடி வந்துவிடலாம். அந்தக் கணக்கை நான் போட்டேன். பிறகு திரும்பிக்கொண்டேன்.

இறங்கியது பெரிய கதை. மலையில் வேலை செய்யும் இளைஞர்கள் போர்வையைத் தூளியாகக் கட்டி அவரைச் சுமந்தார்கள். வழியில் வந்த பக்தர்கள் தோள் மாற்றினார்கள். யாருடைய பெயரும் எனக்குத் தெரியாது. பிற்பகலில் கோவை மருத்துவமனையில் சேர்த்தோம். இருதயக் குழாயில் அடைப்பு. இப்போது நலமாகப் பட்டறைக்குப் போய் வருகிறார். கேலி மட்டும் சற்றுக் குறைந்திருக்கிறது.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, 1979இல் நடந்ததை என் மனைவியிடம் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அத்தை அந்தத் திருநீறு பூசித்தானுங்க என்னையப் பிரசவத்துக்கு அனுப்புனாங்க” என்றாள். கோபமா, சமாதானமா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சம்புடத்தை அவள் எடுத்து எறிந்துவிடவில்லை. அது அதே இடத்தில் இருக்கிறது.

நாவல் மறுபதிப்புக்கு வந்தது. உச்சிக் காட்சியை அடியோடு எடுத்துவிட்டேன். கதாநாயகன் ஆறாவது மலையோடு திரும்பிவிடுகிறான். மன்னிப்பை ஊருக்கு வந்து, பகையாளியின் வாசலில் நின்று கேட்கிறான். கதையின் சிகரமே போய்விட்டதே என்று பதிப்பாளர் அங்கலாய்த்தார். நான் பார்க்காத சிகரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

திருத்திய பிரதி ஒன்றைத் தொண்டாமுத்தூருக்கு அனுப்பி, நடந்ததையும் எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது.

“இப்போ சரியா இருக்குதுங்க. அடுத்த மாசிக்கு வாங்க. எனக்கு இப்பல்லாம் ரெண்டாவது மலைக்கு மேலே முடியறதில்லீங்க. பாம்பாட்டிச் சுனை வரைக்கும் கூட வர்றேன்.”