காலைக் கேட்டு வாங்குங்கள்



ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். 1978ஆம் ஆண்டு ஆனி மாதம், ஒரு தேயிலைத் தோட்டத்தில் பீல்டு ஆபிசர் வேலைக்காக அந்த வளைவுகளை நான் முதன்முதலாக ஏறினேன். அப்போது எனக்கு வயது 22. அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் வெறுங்காலோடு வளர்ந்தவனுக்கு, நாள் முழுதும் விடாமல் பெய்யும் மலை மழையைப் பற்றி ஒன்றும் தெரியாது. பிறகு 36 ஆண்டுகள் அந்த மழையில் நடந்தேன். நடந்த காலுக்குத் துணை வந்தது, முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ். நாம் கம்பூட்ஸ் என்று சொல்கிறோமே, அதுதான்.

பிள்ளைகளே, உங்களில் பலர் இன்று வயலிலும் மாட்டுப் பண்ணையிலும் தோட்டத்திலும் தேங்கிய தண்ணீரிலும் நிற்கிறீர்கள். ஆயிரம் முறை யோசித்துக் கைப்பேசி வாங்குகிற பிள்ளை, கம்பூட்ஸ் வாங்கும்போது கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்துவிடுகிறது. அதைப் பார்க்கும்போது என் மனம் பொறுக்கவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

முதல் சம்பளம் வருவதற்கு முன்பே நான் ஒரு ஜோடி வாங்கினேன். பளபளவென்று கறுப்பாக இருந்தது, விலையும் குறைவு. என் அளவு 7. கடையில் இருந்தது 8. “பெருசா இருந்தா நல்லதுதானே” என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளம். ஐந்தாம் நாள் அது உடைந்தது. ஈரக் காலுறைக்குள் அது ஆறவே இல்லை. சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்தது. வேலையில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பத்து நாள் படுத்துக் கிடந்தேன்.

என்னைப் பார்க்க வந்தார் எங்கள் டிவிஷன் மேஸ்திரி. தேயிலைக் காட்டில் தலை நரைத்தவர். கட்டிலுக்கு அடியில் கிடந்த பூட்ஸை எடுத்து, கையை உள்ளே விட்டுப் பார்த்தார். “ஐயா, பூட்ஸுக்குக் காலைக் கொடுக்காதீங்க. காலுக்குப் பூட்ஸைத் தேடுங்க” என்றார். நான் வலியைப் பொறுத்துக்கொண்டு நடந்ததைப் பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் மெச்சுதல் இல்லை. “இந்த வருசத்துக்கு மட்டுமா நடக்க வந்தீங்க?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் இன்று வரை எடைபோட்டுக்கொண்டிருக்கிறேன். பொறுமை பெரிய குணம். ஆனால் நீக்கக் கூடிய வலியைச் சுமந்து திரிவதில் பொறுமையை வீணாக்கினால், நீக்க முடியாத துன்பம் வரும்போது கையில் என்ன மிஞ்சும்? மழையைப் பொறுக்கலாம், அதை நிறுத்த நம்மால் ஆகாது. அளவு தவறிய பூட்ஸைப் பொறுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

அன்று மேஸ்திரி கற்றுக்கொடுத்ததையும், பின்னால் நானே கற்றதையும் சேர்த்துச் சொல்கிறேன். பூட்ஸ் வாங்கச் சாயங்காலம் போங்கள். நாள் முழுதும் நின்ற கால் மாலையில் சற்று வீங்கியிருக்கும். அதுதான் வேலை நேரத்துக் காலின் அளவு. வேலைக்குப் போடும் அதே தடித்த காலுறையை எடுத்துச் செல்லுங்கள். இரண்டு காலிலும் போட்டுப் பாருங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பது அரிது. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். நின்றால் பெருவிரலுக்கு முன்னே ஒரு விரல் அகலம் இடம் இருக்கட்டும். நடக்கும்போது குதிகால் இலேசாக எழும்பலாம். கழன்று கழன்று விழக் கூடாது. கடையிலேயே குந்தி உட்காருங்கள். உட்காரும்போது மேல் விளிம்பு கெண்டைக்கால் சதையையோ முழங்காலின் பின்பக்கத்தையோ வெட்டினால், அது உங்களுக்கு ஆகாது. களை எடுப்பவனும் பால் கறப்பவளும் நாளில் பாதி நேரம் குந்தித்தானே இருக்கிறார்கள்? படி இருந்தால் ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல்கள் முன்னே போய் முட்டினால், சரிவில் நகம் கறுத்துப் போகும்.

அடுத்தது பொருள். கடையில் பெரும்பாலும் கிடைப்பது பி.வி.சி. விலை மலிவு, கழுவ எளிது. ஆனால் குளிரில் விறைக்கும். மடிப்பு விழும் இடத்தில் நாளடைவில் வெடிக்கும். ஒரு நாளில் சில மணி நேரம் மட்டும் போடுபவருக்கு அது போதும். இயற்கை ரப்பர் காலோடு வளையும். நெடுநேரம் நடப்பவருக்கு அதுவே சுகம். ஆனால் எடை கூடுதல். வெயிலும் எண்ணெயும் அதற்குப் பகை. டிராக்டர் கிரீஸிலும் டீசலிலும் புழங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாலியூரித்தேன் பூட்ஸ் எடை குறைவு, எண்ணெயையும் தாங்கும், விலைதான் அதிகம். எதை வாங்கினாலும் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். சேற்றில் நடப்பவருக்கு அதிலுள்ள பிடிப்புக் கட்டைகள் ஆழமாகவும் இடைவெளி விட்டும் இருக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் சேறு அப்பிக்கொண்டு அடிப்பாகம் வழுவழுப்பாகிவிடும். ஆணியும் கம்பியும் கிடக்கும் கட்டட வேலைக்கு, விரல் முனையில் இரும்புக் கவசமும் அடியில் குத்து தாங்கும் தகடும் உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 600 ரூபாய் ஜோடி ஒரு மழைக்காலம், அதாவது 120 நாள் உழைத்தால், ஒரு நாளைக்கு 5 ரூபாய். 1,800 ரூபாய் ஜோடி நான்கு மழைக்காலம் தாங்கினால் ஒரு நாளைக்கு 4 ரூபாய்கூட ஆகவில்லை. விலையைச் சீட்டில் பார்க்காதீர்கள். நாளால் வகுத்துப் பாருங்கள். மலிவு வாங்கி மூன்று முறை அழுவதைவிட, ஒரு முறை யோசித்து வாங்குவது மேல்.

இந்தப் பூட்ஸின் கதையும் நம் மலைகளைத் தொட்டுத்தான் போகிறது. குன்னூருக்கு அருகில் வெலிங்டன் என்ற ஊர் இருக்கிறதல்லவா? வெலிங்டன் கோமகனின் பெயர் அது. ஆங்கிலேயர்கள் இந்தப் பூட்ஸை அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள். அவர் அணிந்தது கன்றுத் தோல் பூட்ஸ். தோல் நனைந்தால் கனக்கும், காய்ந்தால் விறைக்கும். அக்கால ரப்பரோ வெயிலில் ஒட்டும், குளிரில் நொறுங்கும். 1839இல் அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை நீங்குவதைக் கண்டார். 1844இல் காப்புரிமை பெற்றார். அதைக் காலணிக்குப் பயன்படுத்தும் உரிமையை வாங்கிய ஹைராம் ஹட்சின்சன் 1853இல் பிரான்சில் தொழிற்சாலை தொடங்கினார். மரச் செருப்போடு சேற்றில் உழன்ற உழவர்களுக்கு அப்போதுதான் உலர்ந்த கால் கிடைத்தது. முதல் உலகப் போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நாள்கணக்காக நின்ற வீரர்களின் பாதங்கள் அழுகின. அதற்காக எடின்பரோவில் இருந்த ஒரு நிறுவனம் மட்டுமே சுமார் 12 லட்சம் ஜோடி பூட்ஸ் செய்து கொடுத்தது. குண்டுக்குத் தப்பிய வீரனை ஈரம் வீழ்த்தியது என்றால், நம் கால் எம்மாத்திரம்?

காலம் போகப் போக எங்கள் தோட்டத்தில் ஆட்களுக்கும் பூட்ஸ் கொடுத்தார்கள். ஆனால் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியவை எல்லாம் ஆண்கள் அளவு. கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அளவு 4, 5. அவர்கள் முனையில் துணியைத் திணித்துக்கொண்டு, கீழே பார்த்துப் பார்த்துச் சரிவில் இறங்கினார்கள். சிலர் கழற்றி வைத்துவிட்டு, அட்டை கடிக்காமல் இருக்கப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு பழையபடி வெறுங்காலோடு போனார்கள். ‘கொடுத்தாலும் போட மாட்டேன் என்கிறார்கள்’ என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்து குறைப்பட்டேன். ஒரு நாள், கூடையோடு வழுக்கி விழுந்த ஓர் அம்மாவைத் தூக்கிவிட்டபோதுதான் அந்தத் துணி உருண்டையைக் கண்டேன். பத்து நாள் படுத்துக் கிடந்த என் குதிகால் நினைவுக்கு வந்தது. அடுத்த கொள்முதலில் ஒவ்வொரு காலாக அளந்து எழுதி அனுப்பினேன். அந்த ஆண்டு ஒரு ஜோடிகூட மூலையில் கிடக்கவில்லை. நாளை உங்கள் கீழ் நான்கு பேர் வேலை செய்வார்கள். அளக்காமல் கொடுத்துவிட்டு நன்றியை எதிர்பார்க்காதீர்கள்.

இனிச் சொல்லப் போவது என் வீட்டுத் துயரம். 1989இல் நல்ல இயற்கை ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, ஊரில் வயலைப் பார்த்துக்கொண்டிருந்த என் தம்பிக்குக் கொடுத்தேன். 1994இல் பிசானப் பருவ நெல் அறுவடைக்கு முந்திய ஒரு விடியற்காலையில், வரப்பில் போனவனைக் கண்ணாடி விரியன் கடித்தது. கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே. கட்டுப் போடாமல், கீறாமல், நேரே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றார்கள். அதனால்தான் உயிர் தங்கியது. ஆனாலும் சிறுநீரகம் பாதித்து, மூன்று வாரம் டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று.

அவன் வீடு திரும்பிய பிறகு பூட்ஸ் எங்கே என்று கேட்டேன். தொழுவத்துத் தகரக் கூரையின் கீழ்ப் பரணில், வாங்கிய தாளோடு சுற்றி வைத்திருந்தான். “நல்ல சாமானைச் சேத்துல போட்டுப் பாழாக்கணுமான்னு வச்சிருந்தேன் அண்ணே” என்றான். எடுத்து மடக்கிப் பார்த்தேன். ஐந்து கோடையின் சூட்டில் ரப்பர் செத்திருந்தது. கணுக்கால் மடிப்பில் விரல் நுழையும் அளவுக்குப் பிளந்தது. ஒரு நாளும் மண்ணை மிதிக்காமலே அந்தப் பூட்ஸ் பாழாகிவிட்டது.

நம் வீடுகளில் எத்தனை பொருள்கள் இப்படிப் பரணில் கிடக்கின்றன! சிக்கனம் நம் முன்னோர் தந்த செல்வம். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் காலைக் காக்க வந்ததை, காலைக் கொடுத்துக் காப்பது சிக்கனம் ஆகாது. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கடி விழுவதும் பெரும்பாலும் காலில்தான். பூட்ஸ் எல்லாக் கடியையும் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முழங்காலுக்குக் கீழே ஒரு தடித்த சுவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றாகாது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து, காலின் சிறு கீறல் வழியே எலிக்காய்ச்சல் நுழைகிறது. அதற்கும் இதே சுவர்தான்.

சுவர் என்றால் விரிசலும் பார்க்க வேண்டும். மாதம் ஒரு முறை பூட்ஸை வாளித் தண்ணீரில் அழுத்திப் பாருங்கள். குமிழி வந்தால் ஓட்டை. ரப்பர் என்றால் பஞ்சர் கடையில் ஒட்டு போடலாம், பி.வி.சி.யில் அந்தப் பசை நிற்காது. ஓட்டை பூட்ஸ் தண்ணீரை உள்ளே தேக்கிக் காலை ஊற வைக்கும். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் வையுங்கள். அடுப்படியிலும் வெயிலிலும் காய வைக்காதீர்கள். ரப்பரின் மேல் வெள்ளைப் பூச்சு படிந்தால் பதற வேண்டாம். உள்ளிருக்கும் சேர்மானங்கள் மேலே வருவது அது, துடைத்தால் போய்விடும். மறுநாள் காலை போடும் முன் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுங்கள். தேளும் பூரானும் இருட்டைத் தேடும்.

அந்த மேஸ்திரி ஓய்வு பெறும் நாள் வரை மலையில் நடந்தார். அவர் காலில் ஒரு தழும்பையும் நான் பார்த்ததில்லை. நீண்ட தூரம் போகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான். தங்களைத் தாங்குகிறவற்றைத் தாங்கள் கவனிக்கிறார்கள்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தம்பிக்கு இப்போது 67 வயது. விடிவதற்கு முன்பே எழுந்து, வாசலில் கிடந்த பூட்ஸை எடுத்துக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினான். மாட்டிக்கொண்டு வயலுக்குப் போனான். திரும்பி வந்தபோது அதில் கணுக்கால் வரை சேறு. பரணை நிமிர்ந்து பார்த்தேன், வெறுமையாக இருந்தது.