சிவப்புப் புள்ளிக்கு அம்மா காரணமல்ல

கிள்ளானில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டாவது பெண் குழந்தை ஏழு வாரம் முன்கூட்டியே பிறந்தது. மூன்றாம் வாரத்தில் இடது கண் இமையில் கொசு கடித்தது போல ஒரு சிவப்புப் புள்ளி. இரண்டாம் மாதம் முடிவதற்குள் அது திராட்சைப் பழம் போல உப்பி, கண்ணைப் பாதி மறைத்துவிட்டது.

பார்க்க வந்த உறவினர்கள் அக்காவைத்தான் கேள்வி கேட்டார்கள். "கிரகணத்தன்று வெளியே போனாயா? மாசமாக இருக்கும்போது எதைச் சாப்பிட்டாய்?" அக்கா வாய் திறக்காமல் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள். "தானாகவே போய்விடும், விடு" என்று ஆறுதல் சொன்னவர்களும் உண்டு.

வானொலி நிகழ்ச்சிக்காக மருத்துவர்களிடம் கேள்வி கேட்பது என் வேலை. இந்த முறை வீட்டுக்காகக் கேட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு குழந்தை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

இதன் பெயர் ஹெமாஞ்சியோமா. ரத்தக்குழாய்க் கட்டி, புற்றுநோய் அல்ல. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு வரும். பெண் குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்தவர்கள், எடை குறைந்தவர்கள் ஆகியோரிடம் அதிகம். கிரகணத்துக்கும் சாப்பாட்டுக்கும் இதில் வேலையே இல்லை.

புதிய ரத்தக்குழாய் முளைக்க உடல் சில புரதங்களைச் சுரக்கிறது. வளர்ச்சிக் காரணிகள் என்று அவற்றைச் சொல்வார்கள். 'விஇஜிஎஃப்' அவற்றில் முக்கியமானது. இந்தக் கட்டியில் அந்தக் கட்டளை முதல் சில மாதங்கள் ஓங்கி ஒலிக்கிறது. பெரும்பாலான வளர்ச்சி ஐந்து மாதத்துக்குள் முடிந்துவிடும். பிறகு கட்டளை தணிந்து, கட்டி சில ஆண்டுகளில் மெல்லச் சுருங்கும்.

ஹார்மோனுக்கும் இதில் பங்குண்டு. பிரான்சின் போர்டோ நகரில், மூக்கில் இந்தக் கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு இதயக் கோளாறுக்காகப் புரோப்ரானலால் மருந்து கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் நிறம் மங்கி, அது மெதுவானது. அட்ரினலின் ஹார்மோனின் வேலையைத் தடுக்கும் பழைய மருந்து அது. டாக்டர் கிறிஸ்டீன் லெயோத்தே-லாப்ரேஸ் குழுவினர் 2008இல் இதை வெளியிட்ட பிறகு உலகமே அந்தச் சிகிச்சைக்கு மாறியது. கல்லீரலில் பெரிய கட்டி இருந்தால், அது தைராய்டு ஹார்மோனையே அழித்துவிடக்கூடும். அதனால்தான் தோலில் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கட்டிகள் இருந்தால் வயிற்றை ஸ்கேன் செய்கிறார்கள்.

"தானாகப் போய்விடும்" என்பது பலருக்கு உண்மைதான். ஆனால் இமை மூடிய கண்ணுக்கு அந்தப் பொறுமை ஆபத்து. பார்வை கிடைக்காத கண்ணை மூளை பயன்படுத்தக் கற்றுக்கொள்ளாது. எங்கள் குழந்தைக்கு உடனே மருந்து தொடங்கினார்கள். பால் குடித்த பிறகே கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரத்தச் சர்க்கரை இறங்கலாம். மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாத மருந்து. இரண்டு மாதத்தில் கண் முழுதாகத் திறந்தது.

பச்சிளம் குழந்தையின் கண், மூக்கு, உதடு, தாடைப் பக்கம் சிவப்புப் புள்ளி வளர்கிறதா? வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பார்க்கப் போகும் உறவினர்களே, அம்மாவிடம் கிரகணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். மருத்துவரிடம் போகக் கார் வேண்டுமா என்று கேளுங்கள்.