2.7 மில்லி எப்படி 2 மில்லி ஆச்சு?

"டாக்டருக்கு எதுக்கு சார் பைத்தான்?"னு அடிக்கடி கேக்குறீங்க. எனக்கு நடந்த ஒரு கூத்தைச் சொல்றேன். கொஞ்சம் நீளமான இழை.

2019. மதுரையிலிருந்து மேலூர் பக்கம் போய் ஒரு சின்ன கிளினிக்கில் சாயங்காலம் மட்டும் பார்த்துக்கிட்டிருந்தேன். காய்ச்சல் சீசன். குழந்தையோட எடைக்கு பாராசிட்டமால் சிரப் எத்தனை மில்லின்னு மனக்கணக்கு போட்டே அலுத்துப்போச்சு. பத்து வரியில் பைத்தான் ப்ரோகிராம் எழுதினேன்.

கிலோவுக்கு 15 மில்லிகிராம். எங்ககிட்ட இருந்த சிரப்பில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். 9 கிலோ குழந்தைன்னா 135 மில்லிகிராம், அதாவது 2.7 மில்லி. (இதைப் பார்த்து வீட்ல நீங்களா ஊத்திடாதீங்க. பாட்டிலுக்கு பாட்டில் மருந்தோட அளவு மாறும்.)

வீட்டு லேப்டாப்பில் சரியா வந்துச்சு. கிளினிக்கில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் வி.எஸ். கோட் போட்டு, அதே ஃபைலை ஓட்டி, அட்டவணையை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டினேன். பெருமை வேற.

மறுநாள் நர்ஸ் அக்கா அதையே பாத்துக்கிட்டு நின்னாங்க. "சார், ஏழு கிலோவுக்கும் ரெண்டு மில்லி, ஒம்பது கிலோவுக்கும் ரெண்டு மில்லியா?"

தூக்கிவாரிப் போட்டது.

அந்த மெஷின்ல உபுண்டு 16.04. அதில் பைத்தான் 2.7, பைத்தான் 3 ரெண்டுமே இருக்கும். நான் எதையும் தேர்ந்தெடுக்கலை. எடிட்டர் தானா 2.7-ஐ எடுத்துக்கிச்சு. பழைய பைத்தான் முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தா மிச்சத்தைத் தூக்கிப் போட்டுடும். 135 × 5 ÷ 250 போட்டா 2-ன்னு சொல்லும். புதுசு 2.7-ன்னு சொல்லும். இந்த வகுத்தலை மாத்தணும்னு 2001-லேயே பைத்தான்காரங்க முன்மொழிஞ்சு, 2008 டிசம்பரில் வந்த 3.0-ல் மாத்திட்டாங்க.

எர்ரரே வரலை பாருங்க, அதான் பயம். 135-ஐ முதல்ல 250-ஆல் வகுத்து எழுதியிருந்தா விடை 0, யாரும் பிடிச்சிருப்பாங்க. 2 நம்புற மாதிரி இருந்துச்சு. இன்னொரு கூத்து: குறிப்பா ஒரே ஒரு தமிழ் எழுத்து அந்த ஃபைல்ல இருந்திருந்தாக்கூட பைத்தான் 2 ஓடவே மறுத்திருக்கும். நான்தான் பந்தாவா எல்லாத்தையும் இங்கிலீஷ்ல எழுதியிருந்தேனே!

அட்டவணை ஒட்டின அன்னைக்கே 9 கிலோ குழந்தை ஒண்ணு 2 மில்லி சீட்டோட போயிருந்துச்சு. அம்மாவுக்கு போன் போட்டேன். "காய்ச்சல் முழுசா விடல சார்"னாங்க. தப்பு என்னோடதுன்னு சொல்லி, சரியான அளவைச் சொன்னேன். பாராசிட்டமால், அதுவும் குறைஞ்ச அளவு, தப்பிச்சேன். வலிப்பு மருந்தா இருந்திருந்தா?

நீங்க வி.எஸ். கோட் வச்சிருந்தா, பைத்தான் ஃபைலைத் திறந்துட்டு கீழ் ஓரத்தைப் பாருங்க. எந்த வெர்ஷன்னு இருக்கும். மாத்த கன்ட்ரோல், ஷிஃப்ட், பி அழுத்தி 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரட்டர்'. ப்ராஜெக்டுக்கு ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட் வச்சுட்டா இன்னும் நிம்மதி. செட்டிங்ஸ்ல இருக்குற டீஃபால்ட் பாதையை மாத்திட்டு "மாறலையே"ன்னு நிறைய பேர் முழிப்பாங்க: ஒரு ஃபோல்டரை முதல் தடவை திறக்கும்போதுதான் அதைப் பாக்கும். அப்புறம் நீங்க கையால தேர்ந்தெடுத்ததுதான் செல்லும்.

பைத்தான் 2-க்கு ஆதரவு 2020 ஜனவரி 1-ஓட முடிஞ்சுபோச்சு. பழைய கம்ப்யூட்டருக்கு அது தெரியாதே.

புது அட்டவணை பிரிண்ட் எடுத்தா இப்பவும் அக்கா 7, 8, 9 மூணு வரியையும் சீட்டுல கையால போட்டுப் பாத்துட்டுத்தான் ஒட்ட விடுவாங்க.